அடுத்தவர் வீட்டுக் கம்பளம்

வீடு பழசாகத் தெரிய ஆரம்பித்தால் நம்மவர்கள் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. அதற்கடுத்து சோபாவுக்கு உறை மாற்றுவார்கள், திரைச்சீலை வாங்குவார்கள், கையில் காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்குள் விளக்கு வைப்பார்கள். தரையைப் பற்றி யாருக்கும் நினைப்பு வராது. வந்தாலும், இருக்கிற டைல்ஸை உடைத்துவிட்டு வேறு டைல்ஸ் பதிக்கும் அளவுக்குப் போய்விடுவார்கள். மாதக்கணக்கில் சோற்றில்கூடத் தூசி விழும். ஒரு நல்ல கம்பளத்தை வாங்கி விரித்துப் பார்ப்பது என்று நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதையும் புதிதாக வாங்காமல், யாரோ பயன்படுத்தியதைத் தேடி வாங்கலாம். எழுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களுக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சிக்கனம் அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு.

எங்கள் ஹாலைச் சென்னையில் இருக்கும் எந்த அடுக்குமாடி வீட்டிலும் பார்க்கலாம். வழவழவென்று வெள்ளை டைல்ஸ், சுவரோடு ஒட்டிப் போட்ட சோபாக்கள், நடுவில் வெட்டவெளி, எதிரே டிவி. பல் டாக்டருடைய கிளினிக்கில் காத்திருக்கிற மாதிரி ஆளுக்கொரு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் கணவர் காதுக்கருவி போட ஆரம்பித்த பிறகுதான் இந்த அறையின் உண்மையான குறை வெளியே வந்தது. வெறும் தரையும் வெறும் சுவரும் கண்ணாடி ஜன்னலும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. நல்ல காது உள்ளவர்களுக்கு அது உறைப்பதில்லை. கருவி போட்டவருக்கோ பேச்சும் அதன் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகிவிடுகிறது. கருவியைப் பொருத்திக் கொடுத்த பெண், "வீட்ல தரையில ஏதாச்சும் விரிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கனமா ஒண்ணு விரிச்சுப் பாருங்க. உட்கார்ற இடத்தையும் கொஞ்சம் கிட்டக் கிட்டப் போடுங்க. அதுக்கப்புறமும் கேக்கலேன்னா சவுண்டைக் கூட்டிக்கலாம்" என்றாள்.

கம்பள விளம்பரங்களில் இந்தச் சங்கதியை யாரும் சொல்வதில்லை. அவர்கள் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். அறைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கு வேண்டியது சத்தத்தைக் குடிக்கக்கூடிய கனமான ஒரு விரிப்பு. சோபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏறி நிற்கும் அளவுக்கு அகலமாகவும் இருக்க வேண்டும். டீப்பாய்க்கு அடியில் மட்டும் கிடக்கும் சின்னக் கம்பளம் அறையை இன்னும் காலியாகத்தான் காட்டும். அளவுக்காக நான் செய்தது இதுதான்: பழைய செய்தித்தாள்களைத் தரையில் பரப்பி டேப் ஒட்டிவிட்டேன். நாலுக்கு ஆறு போதவில்லை, எட்டுக்குப் பத்து போட்டால் பால்கனிக் கதவு திறக்காது. ஆறுக்கு ஒன்பது அடி கச்சிதம். ஓரிரு நாள் அந்தத் தாளின் மேலேயே நடமாடிவிட்டு, சரி என்று தோன்றியபின் அளவை எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பரணில் ஒரு பவானி ஜமக்காளம் இருக்கிறதே, அதை எடுத்து விரிக்கக் கூடாதா என்று முதலில் யோசிக்காமல் இல்லை. ஈரோட்டுக்குப் பக்கத்தில், காவிரியும் பவானியும் கூடுகிற ஊரில் குழித்தறியில் நெய்தது. தடித்த பருத்தி நூலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகம்; ஆனாலும் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பெயரில் கடைகளுக்கு வருவது நிற்கவில்லை. ஜமக்காளத்தின் அழகே அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான். கல்யாணத்துக்கு, கச்சேரிக்கு, மொட்டை மாடித் தூக்கத்துக்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் டைல்ஸில் அது வழுக்கும், சுருளும். கனமும் போதாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார எங்கள் முழங்கால்களும் ஒத்துக்கொள்வதில்லை. அதைத் திரும்பப் பரணிலேயே ஏற்றினோம்.

மகன் வெளிநாட்டிலிருந்து, "ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடறேம்மா, ரெண்டு நாள்ல வந்துடும்" என்றான். வந்துவிடும்தான். அவன் அனுப்பிய படங்களில் பத்துக்கு ஒன்பது பாலிப்ரொப்பிலீனும் பாலியஸ்டரும். விலை குறைவு, பளபளப்பு அதிகம், கொஞ்ச நாளிலேயே ஆள் நடக்கிற தடம் சப்பையாகப் படிந்துவிடும். கையால் முடிச்சுப் போட்ட கம்பளி ரகம் புதிதாக வேண்டுமென்றால் எங்கள் பென்ஷன் தாங்காது. அவனிடம் நான் சொன்னது இது: புதுசு வாங்கப் பணம் போதும், பழசு வாங்கக் கவனம் வேண்டும். பணத்துக்கு அவனைக் கேட்கலாம். கவனம் எங்களிடமே கிடக்கிறது. வேலைக்குப் போன காலத்தில் ஒரு கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்கியதில்லை. கூடையில் கொட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். இப்போது ஒரு பொருளின் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நிறையப் பேர் முதுமையில் இந்த நேரத்தை டிவிக்குக் கொடுத்துவிட்டு, பொழுது போகவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குள் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. என் நாத்தனார், "யார் வீட்டதோ, யார் படுத்ததோ, எந்த நோய்க்காரன் புழங்கினதோ!" என்றாள். அவள் கையில் அவளுடைய மாமியாரின் மாமியார் போட்டிருந்த வளையல். காரைக்குடிப் பழைய சாமான் கடைத்தெருவில் யாரோ விற்ற எனாமல் தூக்குச்சட்டிக்கு நல்ல விலை கொடுத்து வாங்கி ஷோகேஸில் வைத்திருப்பவளும் அவள்தான். உலோகமென்றால் நமக்குக் கூச்சமில்லை, துணியென்றால் உண்டு. அதை வெறும் மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். அம்மை வந்த வீட்டுத் துணியை எரித்த காலத்தில் பிறந்த எச்சரிக்கை அது. துணி வியர்வையையும் கிருமியையும் பூச்சியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அவளுடைய பயத்தை வேலை அட்டவணையாக மாற்றிக்கொண்டேன். பூச்சி பார்ப்பது, வாடை பார்ப்பது, வாங்கியதும் நல்ல சலவைக்குக் கொடுப்பது, வெயில் காட்டுவது. அத்தனையும் ஆனபிறகு அவள் வந்து உட்காரலாம். உட்கார்ந்தாள்.

என் சின்ன வயதில் சென்னையில் பழைய பொருள் என்றால் மூர் மார்க்கெட். அப்பா அங்கேதான் எங்களுக்குப் பாடப் புத்தகம் வாங்கினார். 1985-ல் அது எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. இன்றைக்குப் பழைய கம்பளம் தேடுகிறவர்கள் மூன்று இடங்களைப் பார்க்கலாம். ஏலக்கடைகள் ஒன்று. கம்பளக் கடைக்காரர்கள் சிலர் புதுசு விற்கும்போது பழசை எடுத்துக்கொள்வார்கள், அது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: வீட்டைக் காலி செய்கிறவர்கள். பிள்ளைகளோடு இருக்கப் போகிற வயதானவர்கள், மாற்றலாகிப் போகிற குடும்பங்கள். நடைப்பயிற்சித் தோழிகளிடமும் காவலாளியிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும் சொல்லிவைத்தால் போதும், எந்தத் தெருவில் யார் காலி செய்கிறார்கள் என்ற செய்தி தானாக வந்து சேரும்.

கைப்பையில் நான் எடுத்துப்போனவை: ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், அளவு நாடா, தீப்பெட்டி. கம்பளத்தை முகப்பு பார்த்து வாங்கக் கூடாது. முதலில் மூலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

திருப்பினதும் சாக்கு மாதிரி ஒரு துணி அடிப்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தால் அது முடிச்சுக் கம்பளம் கிடையாது. ‘டஃப்டட்’ என்பார்கள், துணியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து நூலைக் குத்தி ஏற்றி, உதிராமலிருக்க ரப்பர் பாலைத் தடவி, அதை மறைக்க மேலே துணி ஒட்டுவது. புதிதில் குறை சொல்ல முடியாது. வயதானால் அந்த ரப்பர் பால் காய்ந்து மாவாகிவிடும். நான் முதலில் பார்த்த கம்பளமே அந்த ரகம்தான். முகப்பில் ரோஜாப் பூக்கள், நல்ல மெத்து. ஒரு மூலையைத் தூக்கி உதறினேன். டைல்ஸின் மேல் வெளிர்மஞ்சள் பொடி கோலமாவாகக் கொட்டியது. மோந்து பார்த்தால் பழைய ரப்பர் செருப்பின் வாடை. வீட்டுக்காரப் பெண் "அது தூசி ஆன்ட்டி, வேக்குவம் பண்ணா போயிடும்" என்றாள். போகாது. நடக்க நடக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. நல்லது என்று சொல்லிவிட்டு அவள் கொடுத்த காபியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

கையால் முடிச்சுப் போட்டது என்றால் பின்பக்கத்திலும் அதே சித்திரம் தெளிவாகத் தெரியும். வரிசை வரிசையாக முடிச்சுகள் மணி மணியாக இருக்கும், அதுவும் சற்றே ஏறுக்கு மாறாக. மிஷினில் ஓட்டியது கோடு பிசகாமல் இருக்கும். குஞ்சத்தையும் பார்க்க வேண்டும். கைக்கம்பளத்தில் குஞ்சம் தனிச்சரக்கு அல்ல. நெசவின் பாவு நூல்களே இரண்டு முனையிலும் நீண்டு வெளியே வந்து தொங்குகின்றன. தையல் போட்டுப் பின்னால் ஒட்டவைத்த குஞ்சமென்றால் உஷாராகிவிடலாம். மேற்பரப்பிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினால், கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்தோடு சுருங்கித் தானே அணையும். சாம்பலை விரலால் நசுக்கலாம். பிளாஸ்டிக் இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, பால்கனியில் செய்வது மரியாதை.

அதற்கப்புறம் ஈரக் கைக்குட்டை. சிவப்பு, கருநீலம் இரண்டிலும் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒட்டினால் அந்தக் கம்பளத்தைத் துவைக்கவே முடியாது; பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பூவெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். ஈரமில்லாமலே கைக்குட்டையில் நிறம் வந்தால் தேய்ந்த இடத்தில் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தத் தில்லுமுல்லு உலகம் முழுக்க உண்டு.

சென்னைக்கென்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். நனைந்த கம்பளத்தை முகப்பு மட்டும் காயவைத்துச் சுருட்டிவிட்டால், உள்ளே இருக்கும் பருத்திப் பாவு நூல் பூஞ்சை பிடித்து மக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கம்பளத்தைப் பின்பக்கமாக மெதுவாக மடக்கி அழுத்தி, காதைக் கிட்டே வைத்துக் கேட்க வேண்டும். நல்லதென்றால் சத்தமே வராது. மக்கினதென்றால் உள்ளே படபடவென்று நூல் முறியும். அப்படி ஒன்றைக் கேட்டேன், ஓர் ஏலக்கடையில், அடையாறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். அழகு அள்ளிக்கொண்டு போனது. கீழே வைத்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியது மயிலாப்பூரில் ஒரு மாடி வீட்டில். ஐம்பது வயதுப் பிள்ளை அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போவதற்காக வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். கட்டிலும் பாத்திரமும் போய்விட்டிருந்தன. சுருட்டி நிறுத்தியிருந்த கம்பளத்தைக் காட்டி, "ப்யூர் காஷ்மீர் சில்க் ஆன்ட்டி, இருபதாயிரம் சொல்லிண்டிருக்கேன்" என்றார்.

விரிக்கச் சொன்னேன். செங்கல் சிவப்பில் தரை, நடுவில் பதக்கம், கரையில் கொடி. திருப்பினேன். முடிச்சு இருந்தது. அளவு நாடாவை வைத்து எண்ணினேன். அங்குலத்துக்கு அகலத்தில் எட்டு, நீளத்தில் ஒன்பது. ஆக ஒரு சதுர அங்குலத்தில் 72. காஷ்மீரத்துப் பட்டில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும், நகக்கண்ணால்கூட முடிச்சைப் பிரித்துப் பார்க்க முடியாது. "இது கம்பளி தம்பி, பாவு பருத்தி. உத்தரப் பிரதேசத்தில் பதோஹி, மிர்ஜாப்பூர் பக்கம் நெய்ததாக இருக்கும்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளறையிலிருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார்: "காஷ்மீரும் இல்லே ஒண்ணும் இல்லேடா. அலகாபாத்ல இருந்தப்போ மிர்ஜாப்பூர்ல போய் உங்கப்பா வாங்கிண்டு வந்தது. நீ அப்போ யூகேஜி."

அதற்கப்புறம் பிள்ளையை விட்டுவிட்டு அம்மாளிடமே பேசினேன். ஒரு மூலையில் உள்ளங்கையளவு மயிர் குறைந்து பாவு நூல் தெரிந்தது. "அங்கே பீரோ நின்னுது. இருட்டும் புழுக்கமுமா இருந்துதா, அந்துப்பூச்சி வந்துடுத்து. பாத்த அன்னிக்கே வெயில்ல போட்டு, வேப்பிலை வெச்சு ஒழிச்சேன்" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். புழுக்கூடோ நூலாம்படையோ இல்லை, பழைய காயம்தான். இன்னோர் இடத்தில் லேசான மஞ்சள் கறை. சாம்பாரா என்று கேட்டேன். "மாப்பிள்ளை" என்று சிரித்தார். கைக்குட்டையில் சாயம் ஒட்டவில்லை. மடக்கிக் கேட்டேன், சத்தம் இல்லை.

விலை பேசும்போது ஒன்றைக் கவனமாகக் கடைப்பிடித்தேன். குறையைக் காட்டி விலையைக் குறைக்கிறவள், நிறையையும் சொல்லிவிட வேண்டும். பட்டில்லை, மூலை அரித்திருக்கிறது என்று சொன்ன அதே வாயால், கைமுடிச்சு, நல்ல கம்பளி, பாவு உறுதியாக இருக்கிறது, கடைக்காரரிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்பதையும் சொன்னேன். பதினோராயிரத்தில் முடிந்தது. தெரியாதவரிடம் தெரிந்தவர் வாங்கும்போது கைநிறைய லாபம் கிடைக்கும் என்று சொல்கிற சாமர்த்தியசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோயிலில் அந்த அம்மாளை மறுபடி பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆறுக்கு ஒன்பது அடியில் 7,776 சதுர அங்குலம். 72-ஆல் பெருக்கினால் ஐந்து லட்சத்து அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடிச்சுகள். ஒருவர் நாளைக்கு ஆறாயிரம் முடிச்சு போட்டாலும் மூன்று மாதத்து உழைப்பு. யார் போட்டார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப்போக முடியவில்லை. அது கம்பளங்களின் வரலாற்றில் சங்கடமான பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டுச் சிறைச்சாலைகளில் கைதிகளை வைத்துக் கம்பளம் நெய்தார்கள். விக்டோரியா மகாராணிக்காக ஆக்ரா சிறையில் நெய்த பிரம்மாண்டமான ஒன்று இன்றும் வின்ட்சர் கோட்டையில் கிடக்கிறது. 1992-ல் அங்கே தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியே கொண்டுவர ஐம்பது படைவீரர்கள் தேவைப்பட்டார்களாம். மிர்ஜாப்பூர், பதோஹித் தறிகளில் குழந்தைகள் உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. அவர்களை மீட்டவர்களில் முக்கியமானவர் கைலாஷ் சத்யார்த்தி. குழந்தை உழைப்பில்லாத கம்பளத்துக்கு அடையாளமாக எண்ணிட்ட சீட்டு ஒன்றைப் பின்பக்கத்தில் தைக்கும் ஏற்பாடு 1994-ல் அவர் முயற்சியில் தொடங்கியது. முதலில் ரக்மார்க் என்று பெயர், பிறகு குட்வீவ். 2014-ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. என் கம்பளம் அந்தச் சீட்டு பிறப்பதற்கு முந்தையது. சின்ன விரல்தான் நுணுக்கமான முடிச்சுப் போடும் என்பது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை. இவ்வளவு பெரிய முடிச்சுக்கு அந்தக் கதைகூடத் தேவையில்லை. ஆனாலும் இதைப் பெரியவர்கள்தான் நெய்தார்கள் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. பழசை வாங்கியதால் புதிதாக யாரையும் தறியில் உட்காரவைக்கவில்லை என்பது ஒரு சமாதானம். அவ்வளவுதான். புதிதாக வாங்குகிறவர்கள் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பழசு என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு சேதி. உலகத்தில் மிகவும் பேர்பெற்ற கம்பளமே கைமாறி வந்ததுதான். ஈரானில் அர்தபீல் நகரத்தில் ஷேக் சஃபியின் தர்கா இருக்கிறது. அங்கே விரித்திருந்த ஒரு ஜோடிக் கம்பளம், ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று ஆண்டு நெய்யப்பட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரிகள் கைக்கு வந்தது. இரண்டும் தேய்ந்து கிழிந்திருந்ததால் ஒன்றை வெட்டி மற்றதற்கு ஒட்டுப் போட்டார்கள். அப்படி முழுமையாக்கிய கம்பளத்தைத்தான் 1893-ல் லண்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், 2,000 பவுன் கொடுத்து வாங்கியது. பெரிய வடிவமைப்பாளரான வில்லியம் மாரிஸ் நேரில் பார்த்து, வாங்கத் தகுந்தது என்று சொன்ன பிறகுதான் பணம் திரட்டினார்கள். பத்தரை மீட்டர் நீளம், சதுர அங்குலத்துக்கு முந்நூறுக்கும் மேல் முடிச்சு. சாயம் மங்காமலிருக்க அரைமணிக்கு ஒருதரம் பத்து நிமிஷம் மட்டும் விளக்குப் போடுகிறார்கள். ஓரம் இழந்த ஜோடி அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். "அவாளும் சலவைக்குக் கொடுத்தாளாமா?" என்று கேட்டாள்.

வயதானவர்கள் வீட்டில் கம்பளம் விரிப்பதில் ஒரு நிஜமான ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. சுருண்ட ஓரம் காலைத் தட்டும். இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்திருப்பது சுலபமில்லை. அடியில் ரப்பர் வலை போட்டேன், கம்பளத்தைவிட நாலு பக்கமும் ஓரங்குலம் சின்னதாக வெட்டி. மூலைகளுக்கு இருபக்கமும் ஒட்டும் டேப். படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்குப் போகிற பாதையில் கம்பளத்தின் நுனிகூட வராதபடி பார்த்துக்கொண்டோம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நடக்கிற வழி அது. வாக்கர் வைத்து நடக்கிறவர்கள் இருக்கும் வீட்டில் உயரமான மயிர்க்கம்பளமே வேண்டாம் என்பேன்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. வேக்குவம் கிளீனரை மயிர் சாய்ந்திருக்கும் திசையில் ஓட்டலாம். குஞ்சத்தின் மேல் ஓட்டினால் அது விழுங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருதரம் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் தேய்மானமும் வெளுப்பும் ஒரே இடத்தில் விழாது. எதையாவது கொட்டினால் தேய்க்காமல், வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சள்தூள் கறைக்கு வெயில்தான் மருந்து. மஞ்சளின் நிறம் வெளிச்சம் தாங்காது. ஆனால் கம்பளத்தின் சாயமும் வெயிலுக்குப் பயப்படும் என்பதால் அந்த இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் காட்டினால் போதும். மாப்பிள்ளையின் சாம்பார் இப்போது தேடினால்தான் தெரிகிறது. பீரோவோ கட்டிலோ மேலே நிற்கும் இடத்தை மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அந்துருண்டையைவிட அதுதான் அந்துப்பூச்சிக்கு எதிரி.

சோபாக்களை முன்னால் இழுத்துவிட்டோம். முட்டியோடு முட்டி இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். எதிரொலி அடங்கிவிட்டது. என் கணவர் இப்போது டிவி ஒலியைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார். நான் சமையலறை வாசலிலிருந்து முணுமுணுப்பதற்கும் பதில் வந்துவிடுகிறது. காது கேட்காத வசதியை அவர் எவ்வளவு நாள் அனுபவித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அரித்த மூலைக்கு ரஃபூ போடுகிற பெரியவர் ஒருவர் கிடைத்தார். நிறம் துல்லியமாகச் சேராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், சேரவும் இல்லை. அவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்களுக்குப் பின் பிள்ளைகள் இதை வைத்துக்கொள்ளப் போவதில்லை. யாரோ ஒருவர் வந்து மூலையைத் திருப்பிப் பார்க்கத்தான் போகிறார். ஒரு சின்னக் காடாத் துணியில் அழியாத மையால் எழுதி, பின்பக்கத்தில் தைக்கச் சொன்னேன்: கம்பளி, பருத்திப் பாவு, மிர்ஜாப்பூர் பக்கத்துச் சரக்கு, சாயம் போகாது, ஒரு மூலையில் பூச்சி அரித்து ரஃபூ போட்டது, வெள்ளத்தில் நனைந்ததில்லை. எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்த என் கணவர், வாங்கிய விலையையும் போடு என்றார். அதைப் போடவில்லை. வருகிறவர்கள் பேரம் பேசிக்கொள்ளட்டும்.